கௌரியக்காவின் பக்கத்துக் கண்ணாடி

காக்கி நிறத்தில் எதைக் கண்டாலும் பேரின்பண்ணையின் கை காருக்குள் இரண்டு வேலை செய்யும். முதலில் தலைக்கு மேலே இருக்கிற சின்ன விளக்கைப் போடும். பிறகு நாலு கதவுக் கண்ணாடிகளையும் கீழே இறக்கும். பட்டப்பகலா, மழை கொட்டுகிறதா, ஏசி ஓடுகிறதா என்ற கணக்கெல்லாம் அந்தக் கைக்குக் கிடையாது. ஒருமுறை பம்பலப்பிட்டியில் சாரணர் பையன்கள் வரிசையாக வீதியைக் கடந்தார்கள். அவர்களுக்கும் விளக்குப் போட்டு, கண்ணாடி இறக்கி, மரியாதையாகக் காத்திருந்தார். கடைசிப் பையன் குனிந்து பார்த்து, "தாங்க்யூ அங்கிள்" என்றுவிட்டுப் போனான்.

பின்சீட்டில் இருந்த நான் சிரித்த சிரிப்பில் எனக்கு விக்கல் எடுத்தது. "அண்ணை, அடுத்த முறை தபால்காரனுக்கும் அடையாள அட்டையை நீட்டுங்கோ" என்றேன். அவர் கோபிக்கவில்லை. சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அங்கே அவருடைய அடையாள அட்டையும் அவர் மனைவி கௌரியக்காவுடையதும் ஒரு ரப்பர் பட்டிக்குள் இருக்கும். வீட்டில் சாரம் உடுத்து இருக்கும்போதுதான் அவை அலுமாரிக்குப் போகும்.

முழுப்பெயர் பேரின்பநாயகம். வெள்ளவத்தையில் கடலைப் பார்த்து இறங்கும் ஒரு ஒழுங்கையில், எங்கள் தொடர்மாடியில், என் வீட்டுக்கு எதிர்க் கதவு அவருடையது. கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். அதிர்ந்து பேசமாட்டார். மீன்காரன் பழுது மீனைத் தந்தால்கூட, "பரவாயில்லை, வெயில்தானே" என்று அவனுக்காக இவரே காரணம் சொல்லுவார். நான் பள்ளிக்கூடத்து ரீச்சர், வாய் கொஞ்சம் நீளம். அவருக்காக மீன்காரனோடு சண்டை பிடிப்பது பல வருடங்களாக என் வேலை.

அந்தக் கைப்பழக்கத்துக்குக் காரணம் கௌரியக்கா சொல்லித்தான் தெரியும். சண்டைக் காலத்தில் ஒரு நாள் இரவு, மழைக்காகக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வேலையால் வந்திருக்கிறார். வழியில் இருந்த சோதனைச் சாவடியில் உள்விளக்கைப் போட மறந்துவிட்டார். "கண்ணாடியை மூடி எதை மறைக்கிறாய்?" என்று கேட்டவர்களுக்குச் சிங்களத்தில் பதில் சொல்ல நா எழவில்லை. பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். மறுநாள் மத்தியானம் வரைக்கும் கௌரியக்கா வாசலில் நின்றிருக்கிறார். பக்கத்தில் நின்று, தண்ணீர் பட்ட பாடாகச் சிங்களம் பேசி, ஒவ்வொரு பெரியவராகப் பார்த்து வாதாடி அவரை வெளியே கொண்டுவந்தது யோசெப்பின். கௌரியக்காவோடு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஒரே வரிசையில் இருந்து இணைப்புக் கொடுத்த தோழி.

அதற்குப் பிறகு பேரின்பண்ணையின் காரில் ஒரு திரை இல்லை, வெயில் மறைப்பு அட்டை இல்லை, பின் கண்ணாடியில் ஒரு பொம்மை கூட இல்லை. வெளியே நிற்கிறவன் எட்டிப் பார்த்தால் சீட்டில் இருக்கிற தையல் வரைக்கும் தெரிய வேண்டும் என்பதுதான் அவருடைய சட்டம்.

யோசெப்பின் இப்போது ஹெந்தளையில் படுக்கையில் இருக்கிறார். இருதயம் களைத்துவிட்டது, இனி அதிகம் செய்வதற்கில்லை என்று சொல்லிவிட்டார்கள். மத்தியானம் மருந்து குடித்துத் தூங்கி மூன்று மணி போல எழும்புவார். பொழுதுபட அடுத்த மருந்தோடு கண் சொருகிவிடும். அந்த இடைவெளிக்குள்தான் அவரோடு கதைக்கலாம். சனிக்கிழமை தோறும் பேரின்பண்ணை காரை எடுப்பார். கௌரியக்கா யோசெப்பினின் தலைக்கு எண்ணெய் வைத்து, வாரி, பின்னிவிடுவார். இரண்டு பேரும் பழைய எக்ஸ்சேஞ்ச் மேலதிகாரியைத் திட்டிச் சிரிப்பார்கள். இடம் இருந்தால் நானும் போவேன்.

போன வருடம் கௌரியக்காவுக்கு லூப்பஸ் என்று கண்டுபிடித்தார்கள். உடம்பு தன்னையே எதிரியாக நினைக்கிற வருத்தம். வெயில் பட்டால் கன்னமும் மூக்கும் சிவந்து தடிக்கும், காய்ச்சல் எழும்பும், கைவிரல் மூட்டெல்லாம் வீங்கும். கூடினால் சிறுநீரகத்தில் கை வைக்கும் என்று டொக்டர் பஸீஹா சொன்னார். "காருக்குள்ளதானே இருக்கிறன்" என்று கௌரியக்கா கேட்டதற்கு, முன் கண்ணாடி ஓரளவு தடுக்கும், பக்கத்துக் கண்ணாடி வெயிலில் இருக்கிற அந்தக் கூடாத கதிரை உள்ளே விட்டுவிடும் என்றார். பின்சீட்டில் இருத்தலாம் என்றால், பின்னால் இருந்தால் கௌரியக்காவுக்குப் பத்து நிமிடத்தில் வயிற்றைப் பிரட்டிச் சத்தி வரும். ஹெந்தளைக்குப் போவதோ வடக்குப் பார்த்து. பின்னேரத்து வெயில் முழுவதும் இடப்பக்கம், அவருடைய கன்னத்தில்தான் விழும்.

சனிக்கிழமைகள் நின்றுபோயின. யோசெப்பின் போனில் கூப்பிடுவார். "வர மாட்டியாடி?" என்ற அந்தக் குரல் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சின்னதாகிக்கொண்டு வந்தது. போனை வைத்த பிறகு கௌரியக்கா திரை இழுத்த அறைக்குள் போய் இருந்துவிடுவார். எனக்குக் கேட்கவே பொறுக்கவில்லை.

"கார்க் கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் ஒட்டினால் என்ன?" என்று நான்தான் ஆரம்பித்தேன்.

பேரின்பண்ணை என்னைப் பார்த்த பார்வையை மறக்கமாட்டேன். "கறுப்புக் கண்ணாடியோ? நாங்களோ? ரீச்சர், அந்தக் காலத்தில கறுப்புக் கண்ணாடி போட்டு ஆளைத் தூக்க வாற வானைக் கண்டா சனம் எந்தப் பக்கம் ஓடினது எண்டு உங்களுக்கு ஞாபகம் இல்லையோ?"

ஞாபகம் இருந்தது.

ஆனால் மனுசன் சும்மா இருக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, சட்டம் என்ன சொல்கிறது என்று ஊரெல்லாம் விசாரிக்கத் தொடங்கினார். சந்தியில் நின்ற ஓட்டோக்காரர், முன்னுக்கு ஒட்டவே கூடாது, கண்டால் அந்த இடத்திலேயே உரிப்பார்கள் என்றார். சலூன்காரர், டொக்டர் கடிதம் இருந்தால் தார் பூசிக்கொண்டும் போகலாம் என்றார். மேல்மாடி லோயர், அது அன்றைக்கு நிற்கிற பொலிஸ்காரரின் மனநிலையைப் பொறுத்தது என்று சொல்லிச் சிரித்தார். எல்லோரும் இருட்டைப் பற்றியே கதைத்தார்கள். வெயிலைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. எனக்கு ஆத்திரம் தாங்காமல், காலி வீதியில் கடமையில் நின்ற ஒரு பொலிஸ்காரரிடம் நேரே போய்க் கேட்டேன். பேரின்பண்ணை கடை வாசலுக்குள் ஒதுங்கி நின்றார்.

"எத்துள இன்ன அய பேன்ன ஓன, மிஸ்" என்றார் அந்தப் பையன். உள்ளே இருக்கிற ஆள் தெரிய வேண்டும். அவருடைய விளக்கம் அவ்வளவுதான்.

தெஹிவளையில் காருக்குத் தாள் ஒட்டும் ஒரு கடையில் நிலூஷா என்கிற பெண் மிச்சத்தைச் சொன்னாள். முன் கண்ணாடியிலும் முன் கதவு இரண்டிலும்தான் கூடுதலான கண்டிப்பு. ஓட்டுகிறவருக்கு வெளியும், வெளியில் நிற்கிறவருக்கு ஓட்டுகிறவரும் தெளிவாகத் தெரிய வேண்டும். அதனால் அங்கே அவள் இருட்டுத் தாள் ஒட்டித் தரமாட்டாள். "ஆனால் ஆன்ட்டிக்கு எதற்கு இருட்டு?" என்று சிங்களத்தில் கேட்டாள். அந்தக் கூடாத கதிரைத் தடுப்பதற்குத் தாள் கறுப்பாக இருக்கத் தேவையில்லையாம். கண்ணாடி போலவே தெளிவான தாள் இருக்கிறது. ஒரு துண்டை எடுத்துத் தன் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினாள். அவளுடைய மூக்குத்தி வரைக்கும் தெரிந்தது.

பேரின்பண்ணை அந்தத் துண்டை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினார். "அப்ப வெளியில இருந்து பாக்கிறவைக்கு எங்களைத் தெரியுமோ?" நான் மொழிபெயர்த்தேன். தெரியும் என்றாள். இன்னொரு முறை கேட்டார். தெரியும் என்றாள். கார் வேலை முடிந்து வெளியே வந்ததும் கௌரியக்காவின் சீட்டில் என்னை இருத்திவிட்டு, வீதியின் மறுபக்கம் போய் நின்று பார்த்தார். அங்கிருந்து கையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். அவர் முகத்தில் ஒரு குழந்தைச் சந்தோஷம்.

டொக்டர் பஸீஹாவும் சரி என்றார். அடுத்த சனிக்கிழமை மூன்று பேரும் புறப்பட்டோம். கௌரியக்கா நீலச் சேலை கட்டி, பழக்க தோஷத்தில் முகத்தைச் சுற்றிச் சால்வை போட்டிருந்தார். கொள்ளுப்பிட்டி தாண்டியதும் அதைக் கழற்றி மடியில் வைத்தார். வெயில் அவர் பக்கத்தில் நின்றது, அவரைத் தொடவில்லை. "இஞ்சருங்கோ, கடல் எவ்வளவு நாளாப் பாக்கேல்லை" என்றார். பேரின்பண்ணை வேகத்தைக் குறைத்தார்.

கொட்டாஞ்சேனை கழிந்து, பாலத்துக்குக் கிட்டப் போகும்போது ஒரு பொலிஸ்காரர் கையைக் காட்டினார்.

விளக்கு எரிந்தது. நாலு கண்ணாடியும் இறங்கின.

கேட்டதெல்லாம் வழக்கமான பத்திரங்கள்தான். ஆனால் காப்புறுதி அட்டையில் எழுத்து மங்கியிருந்ததால் அவர் அதை எடுத்துக்கொண்டு மற்றவரிடம் போனார். மற்றவர் யாருடனோ போனில் கதைத்துக்கொண்டிருந்தார். பேரின்பண்ணை இரண்டு கைகளையும் சுக்கானில் வைத்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார். திறந்த கண்ணாடியால் பின்னேரத்து வெயில் கௌரியக்காவின் முகத்திலும் கழுத்திலும் கையிலும் கொட்டிக்கொண்டிருந்தது. அவர் அசையவில்லை. மடியில் கிடந்த சால்வையை எடுக்கவும் இல்லை. சோதனையில் நிற்கும்போது முகத்தை மூடக்கூடாது, கையை அசைக்கக்கூடாது, வாய் திறக்கக்கூடாது என்பது எங்களுக்குள் ஊறிக் கிடந்தது. ஊர் வாயெல்லாம் பேசுகிற நானும் பின்னால் ஊமையாக இருந்தேன். மூன்று பேரும் படித்தவர்கள், மூன்று பேருக்கும் வெயில் நஞ்சு என்று தெரியும். மூன்று பேரும் இல்லாத ஒரு சாவடியில் நின்றுகொண்டிருந்தோம்.

பொலிஸ்காரர் அட்டையைத் திருப்பித் தந்தார். "ஏன் அங்கிள் பகலில் லைட்?" என்று சிங்களத்தில் கேட்டுச் சிரித்தார். நல்ல பையன். குறை சொல்ல அவரிடம் ஒன்றும் இல்லை.

ஹெந்தளைக்குப் போகாமல் அங்கிருந்தே திரும்பினோம். அன்று இரவே காய்ச்சல். கன்னம் இரண்டும் வெந்தது போலச் சிவந்தன. விரல்கள் மடங்கவில்லை. கௌரியக்காவை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். பேரின்பண்ணை கட்டிலுக்குக் கீழே இருந்த அவருடைய செருப்பைப் பார்த்தபடி இருந்தார். "நான்தான் சுட்டுப்போட்டன், ரீச்சர்" என்றார் என்னிடம். "ஒருத்தரும் கண்ணாடியை இறக்கு எண்டு சொல்லேல்லை. நானாத்தான் இறக்கினனான்." அழுதார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் காரை விற்கப் போவதாகச் சொன்னார். சாவியை அலுமாரிக்கு மேலே, தனக்கே எட்டாத இடத்தில் போட்டார். யோசெப்பினின் போன் வந்தால் குளியலறைக்குள் போய்விடுவார்.

கௌரியக்கா எழும்பி நடக்கத் தொடங்கிய ஒரு பின்னேரம் என்னைக் கூப்பிட்டார். சாவி அவர் கையில் இருந்தது. கதிரை போட்டு ஏறி எடுத்தாராம்.

"இஞ்சருங்கோ" என்றார் பேரின்பண்ணையைப் பார்த்து. "வெயில் சுட்டது. நீங்கள் பயந்தனீங்கள். ரெண்டும் வேற வேற. வெயிலுக்குத் தாள் ஒட்டியாச்சு. பயத்துக்கு ஒண்டும் செய்யேல்லை, அதுதான் பிழைச்சது."

"என்னால ஏலாது கௌரி. கை தன்ரபாட்டில போகுது. நான் என்ன செய்ய?"

"கைக்குப் பழக்குவம்."

தொடர்மாடியின் கீழ்த்தளத்தில், வெயில் நுழையாத இடத்தில் கார் நின்றது. அவரைச் சுக்கானுக்குப் பின்னால் இருத்திவிட்டு, கௌரியக்கா தன் நெற்றியில் இருந்த சிவப்பு ஒட்டுப்பொட்டைக் கழற்றி, அவர் பக்கத்துக் கதவில் தன் கண்ணாடியை இறக்கும் பொத்தானுக்கு மேல் ஒட்டினார். "இதில விரல் பட்டா அது நான். நினைச்சுக்கொள்ளுங்கோ."

நான்தான் பொலிஸ். என் மகனின் பழைய தொப்பியைப் போட்டுக்கொண்டு, கையைக் காட்டி, கண்ணாடியில் தட்டினேன். முதல் முறை நாலும் இறங்கின. "திருப்பி" என்றார் கௌரியக்கா. நான் தூணுக்குப் பின்னால் போய்த் திரும்ப வந்தேன். நாலும் இறங்கின. "திருப்பி." காவலாளி வந்து எங்களை விநோதமாகப் பார்த்தார். அவருடைய உடுப்பைக் கண்டதும் விளக்கும் எரிந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, கௌரியக்காவும் சிரித்துவிட்டார், கடைசியில் பேரின்பண்ணையும் சிரித்தார். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். பல பின்னேரங்கள் இந்தக் கூத்து நடந்தது. அவருடைய கண்ணாடி மட்டும் இறங்கும் நாட்கள் வரத் தொடங்கின.

யோசெப்பினின் குரல் போனில் மிகவும் சிறுத்துப்போன ஒரு சனிக்கிழமை, டொக்டர் பஸீஹாவிடம் கேட்டுக்கொண்டு, மறுபடி புறப்பட்டோம். பாலத்துக்குக் கிட்ட, அதே இடத்தில், கை காட்டினார்கள். வேறொரு பொலிஸ்காரர், வயதானவர், மீசைக்காரர்.

விளக்கு எரிந்தது. பேரின்பண்ணையின் விரல் பொத்தான்களுக்குப் போய், பொட்டின் மேல் பட்டு, நின்றது. அவருடைய கண்ணாடி மட்டும் இறங்கியது.

பத்திரங்களைப் பார்த்த மீசைக்காரர் காரைச் சுற்றி இடப்பக்கம் வந்தார். கண்ணாடியில் ஏதோ ஒட்டியிருப்பது அதன் ஓரத்தில் தெரிந்திருக்க வேண்டும். விரலால் தட்டி, இறக்கச் சொல்லிச் சைகை காட்டினார். கௌரியக்கா கணவனைப் பார்த்தார். நான் வாய் திறக்கப் போனேன். எனக்கு முன்னால் ஒரு குரல் கேட்டது.

"பே, மஹத்தயா."

ஏலாது, ஐயா. பேரின்பண்ணை சொல்லிவிட்டார். அதோடு நிறுத்தவில்லை. தெரிந்த சிங்களத்தையெல்லாம் கூட்டி, "நோனாட்ட அசனீப்பய். அவ்வ பே. வீதுருவ பாத் கரன்ன பே" என்றார். மனைவிக்குச் சுகமில்லை, வெயில் ஆகாது, கண்ணாடியை இறக்க முடியாது. அன்றைக்கு அந்தச் சாவடியில் எழாத நா அது. இத்தனை வருடம் கழித்து எழுந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

மீசைக்காரர் குனிந்தார். கண்ணுக்கு மேல் கையை வைத்து, மூடிய கண்ணாடியால் உள்ளே பார்த்தார். கௌரியக்கா அவரைப் பார்த்து, ஒரு வீட்டு வாசலில் நிற்கிறவர் போல, லேசாகச் சிரித்தார். கன்னத்தில் பழைய தடிப்பின் சிவப்பு இன்னும் இருந்தது. அதுவும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

"பேனவானே" என்றார். தெரிகிறதுதானே. காரின் கூரையில் மெதுவாகத் தட்டி, "யன்ன, மாத்தயா" என்று வழிவிட்டார்.

பாலத்தில் பாதி போன பிறகுதான் பேரின்பண்ணை பேசினார். "கௌரி, நான் ஏலாது எண்டு சொல்லிப்போட்டன், என்ன?"

"ஓம். சொல்லிப்போட்டியள்." கௌரியக்கா கையை நீட்டி உள்விளக்கை அணைத்தார்.

ஹெந்தளையில் யோசெப்பின் தலையணையில் சாய்ந்திருந்தார். முகம் பாதியாகிவிட்டது. கௌரியக்காவைக் கண்டதும் யன்னலையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். வெளியே வெயில் இன்னும் அப்படியே நின்றது.

"இந்த வெயில்ல எப்படிடி வந்த?"

கௌரியக்கா எண்ணெய்ப் போத்தலின் மூடியைத் திறந்தபடி சொன்னார். "இவர் பொலிசிட்ட ஏலாது எண்டு சொல்லிப்போட்டுக் கூட்டிக்கொண்டு வந்தவர்."

யோசெப்பின் வாசலில் நின்ற பேரின்பண்ணையைப் பார்த்தார். "சிங்களத்திலயா?" என்று கேட்டார்.

"ஓம்" என்றார் அவர்.

யோசெப்பின் கையை நீட்டினார். பேரின்பண்ணை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். கௌரியக்கா தலை வாரி முடிக்கும் வரைக்கும் விடவில்லை.